க்ளாஷ் ஜீரோ... சரி, கட்டடம் கட்ட முடியுமா?

பெரிய ஆஃபீஸ் கட்டடம் கட்டிக்கிட்டிருக்கிற எந்த சைட்டுக்கு வேணும்னாலும் போங்க. வாராந்திர மீட்டிங்ல முதல் ஸ்லைடு என்னவா இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடலாம். ஒரு கிராஃப். போன மாசம் க்ளாஷ் 4800, போன வாரம் 2100, இந்த வாரம் 640. கோடு சறுக்குமரம் மாதிரி அழகா இறங்கும். "அடுத்த வாரம் ஜீரோ ஆயிடும் சார்" என்று ஒருத்தர் சொல்வார். எல்லாரும் தலையாட்டுவாங்க. டீ வரும், பிஸ்கட் வரும், மீட்டிங் முடியும்.

இந்த கிராஃப் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. அதை இன்னிக்கு இங்க கொட்டிடலாம்னு இருக்கேன். கட்டுமானத் துறைக்கு சம்பந்தமே இல்லாத நண்பர்களும் பயப்படாம படிக்கலாம். நீங்க உட்கார்ந்து பதிவு படிக்கிற (வேலை நேரத்துலதானே? :-)) அதே ஆஃபீஸ்ல, உங்க தலைக்கு மேல நடந்து முடிஞ்ச ஒரு சண்டையைப் பற்றித்தான் பேசப் போறேன்.

தலைக்கு மேல என்ன இருக்கு?

ஃபால்ஸ் சீலிங் பலகை ஒண்ணைத் தள்ளிட்டு மேல எட்டிப் பார்த்தா ஒரு தனி உலகம் தெரியும். ஏசி காத்து வர்ற டக்ட், குளிர்ந்த தண்ணி போற பைப், தீ பிடிச்சா தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் பைப், கரண்ட் கேபிள் போற ட்ரே, நெட்வொர்க் கேபிளுக்குத் தனி ட்ரே, ஏசியில சொட்டுற தண்ணியை வெளியே கொண்டு போற வடிகால் பைப், விளக்கு, புகை உணரி... இவை எல்லாத்தையும் தாங்கிப் பிடிக்கிற கம்பிகள், ஆங்கிள்கள்.

இவ்வளவுக்கும் இடம் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் நடுவுல 4200 மி.மீ. என்று வச்சுக்குவோம். கேபிள் ஓட தரைக்கு மேல இன்னொரு தரை போடுவாங்க, அது 150. மனுஷன் நடமாடற உயரம் 2750. மிச்சம் 1300. மேல இருக்கிற ஸ்லாபும் பீமும் சேர்ந்து 700. மிச்சம் 600. சீலிங் பலகைக்கும் விளக்குக்கும் 120. மிச்சம் 480. அதுல டக்ட் 350, அதைச் சுத்தின இன்சுலேஷன் மேல 25, கீழ 25. ஆக மொத்தம் 400 போச்சு.

பீமுக்குக் கீழே மீதி 80 மி.மீ. உள்ளங்கை அகலம். மத்தவங்க எல்லாரும் அங்கே அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.

"அப்போ தளத்தோட உயரத்தை ஒரு 10 செ.மீ. கூட்டிட்டா என்ன?" என்று கேட்கத் தோணும். 40 மாடிக் கட்டடத்துல 10 செ.மீ. கூட்டினா மொத்தம் 4 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு தளத்தோட உயரம். அந்த 4 மீட்டருக்கும் நாலு பக்கமும் கண்ணாடி போடணும், தூண் எழுப்பணும், லிஃப்ட் ஓடணும். ஆனா வாடகை ஒரு பைசா கூடாது. எந்த முதலாளி ஒத்துக்குவார்? அதனால சண்டை முழுக்க அந்த உள்ளங்கை அகலத்துக்குள்ளதான்.

ட்ரேசிங் தாள்ல இருந்து பிம் வரைக்கும்

அந்தக் காலத்துல இதை எப்படிச் செஞ்சாங்க? ஒவ்வொரு துறைக்காரரும் ட்ரேசிங் தாள்ல வரைவாங்க. கண்ணாடி மேசைக்குக் கீழே விளக்கைப் போட்டு, தாள்களை ஒண்ணு மேல ஒண்ணா வச்சுப் பார்ப்பாங்க. கோடு கோட்டைத் தொட்டா பென்சில்ல வட்டம் போடுவாங்க. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, எல்லாக் கோடும் வேற வேற கலர்ல ஒரே ஸ்க்ரீன்ல வந்தது. இருந்தாலும் தட்டையான படம் தட்டையான படம்தான். உயரத்தை மனசுக்குள்ள கற்பனை பண்ணிக்கணும். கற்பனை தப்பினா சைட்ல தெரியும், கான்க்ரீட்டை ட்ரில் பண்ணும்போது.

பிம் வந்த பிறகு ஆட்டம் மாறிச்சு. சும்மா முப்பரிமாணப் படம்னு நினைச்சுக்காதீங்க. மாடல்ல ஒரு பைப்பைத் தொட்டா, அது எந்த சைஸ், எந்த உலோகம், எந்த சிஸ்டத்தைச் சேர்ந்தது எல்லாம் சொல்லும். ஆர்க்கிடெக்ட் ஒரு மாடல், ஸ்ட்ரக்சர் ஒரு மாடல், ஏசி, எலக்ட்ரிக்கல், பிளம்பிங், தீயணைப்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாடல். எல்லாத்தையும் நேவிஸ்வொர்க்ஸ், சொலிப்ரி மாதிரி மென்பொருள்ல ஒண்ணா அடுக்கி "எங்கெல்லாம் முட்டுது?" என்று கேட்டா, சில நிமிஷத்துல பட்டியல் வந்து விழும். அந்தப் பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு வரியும் ஒரு க்ளாஷ்.

அரசாங்கங்களும் பின்னாடியே வந்தன. சிங்கப்பூர்ல 2013ல் பெரிய கட்டடங்களோட கட்டடக்கலைப் படங்கள்ல ஆரம்பிச்சு, 2015ல் 5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்கள் எல்லாத்துக்கும் பிம் வடிவத்துலதான் அனுமதிக்குக் கொடுக்கணும்னு ஆக்கினாங்க. இங்கிலாந்துல 2011ல் அறிவிச்சு, 2016ல் இருந்து மத்திய அரசு காசு போடற திட்டங்களுக்குக் கட்டாயமாக்கினாங்க. 2018ல் ஐஎஸ்ஓ 19650 என்று உலகத் தரமே வந்தாச்சு.

நல்ல விஷயம்தான். நான் பிம்முக்கு எதிரி இல்லை. அதுதான் எனக்கும் சோறு போடுது. என் சண்டை அந்த கிராஃபோட மட்டும்தான்.

எல்லாரும் பாதியில நிறுத்தற ஹாங்காங் கதை

பிம் பற்றிப் பேச வர்றவங்க நிறைய பேர் எடுத்து விடற உதாரணம் ஹாங்காங்கோட ஒன் ஐலண்ட் ஈஸ்ட். க்வாரி பே பகுதியில ஸ்வைர் ப்ராப்பர்ட்டீஸ் கட்டின ஆஃபீஸ் கோபுரம், கிட்டத்தட்ட 70 தளம், உயரம் 300 மீட்டருக்குப் பக்கத்துல. 2008ல் முடிஞ்சது. கட்டினது கேமன் கம்பெனி. பிம்முக்கு கெரி டெக்னாலஜீஸ். வளைஞ்சு நெளிஞ்ச கட்டடங்களுக்குப் பேர் போன ஃப்ராங்க் கெரியோட ஆஃபீஸ்ல இருந்து பிறந்த கம்பெனி அது. விமானம் வடிவமைக்கிற கேட்டியா மென்பொருளை அடிப்படையா வச்சு உருவான டிஜிட்டல் ப்ராஜெக்ட்டைத்தான் பயன்படுத்தினாங்க.

அந்த மாடல்ல, டெண்டர் விடறதுக்கு முன்னாடியே 2000க்கும் மேற்பட்ட க்ளாஷ்களையும் பிழைகளையும் பிடிச்சாங்க. நம்ம ஆட்கள் "பாருங்க, 2000!" என்று சொல்லி இதோட கதையை நிறுத்திடுவாங்க. கைத்தட்டல். அடுத்த ஸ்லைடு.

அந்தக் கதையில என்னைக் கேட்டா 2000 முக்கியமே இல்லை. வேற மூணு விஷயம் இருக்கு.

ஒண்ணு, மாடல் வேணும்னு கேட்டது கட்டடத்தோட சொந்தக்காரர். காசு அவர் பாக்கெட்ல இருந்து வந்தது. ரெண்டு, டெண்டருக்கு முன்னாடி. அதாவது விலை பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே, "இந்த பைப்பை நகர்த்தினா யார் செலவு?" என்ற சண்டை பிறக்கறதுக்கு முன்னாடியே பிரச்சினையைத் தேடினாங்க. மூணாவது, பலருக்குத் தெரியாதது: கட்ட வந்த கேமன், ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்களோட சேர்ந்து, ஒரு தளத்தை எந்த வரிசையில கட்டறதுன்னு கணினியிலயே ஓட்டிப் பார்த்தாங்க. "இடிக்குதா" என்பதோட நிக்காம, "எதை முதல்ல வைக்கிறது" என்றும் கேட்டாங்க.

நாம இந்தக் கதையில இருந்து எடுத்துக்கிட்டது எண்ணிக்கையை மட்டும். மத்த மூணையும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்.

எண்ணிக்கை எதைச் சொல்லுது?

ஒரு டக்ட்டை 100 மி.மீ. கீழே போட்டுட்டார் ஒருத்தர். அதுக்குக் குறுக்கே 60 ஸ்பிரிங்க்ளர் பைப் போகுது. பட்டியல்ல 60 க்ளாஷ். டக்ட்டை மேல தூக்கினா 60ம் ஒரே நொடியில காணாமப் போகும். கிராஃப் இறங்கும். செஞ்சது ஒரே ஒரு முடிவு.

இன்னொரு பக்கம், பைப் ஒண்ணு ஜிப்சம் சுவரைத் தாண்டிப் போகுது. மென்பொருளுக்கு அது க்ளாஷ். சைட்ல அது பிரச்சினையே இல்லை, ஓட்டை போட்டு அடைச்சுடுவாங்க. இன்சுலேஷன் 5 மி.மீ. உரசினாலும் க்ளாஷ். டாலரன்ஸ் என்ற இடத்துல 5ஐ 25 ஆக்கினா, ஒரு கோட்டையும் தொடாமலே ஆயிரம் க்ளாஷைக் காணாமல் போக வைக்கலாம். பி.சி.சர்க்கார் தோத்தார் போங்க.

சரி, இதெல்லாம் சில்லறை விஷயம். நிஜமாவே பயப்பட வேண்டியது பட்டியல்ல வராத சமாச்சாரங்கள்.

ஒரு வால்வு இருக்கு. அதுக்கும் டக்ட்டுக்கும் நடுவுல 40 மி.மீ. இடைவெளி. முட்டலை. க்ளாஷ் இல்லை. பச்சைக் கொடி. ஆனா அந்த வால்வைத் திருகக் கை போகாது. ஏசி பெட்டியோட ஃபில்டரை வருஷத்துக்கு நாலு முறை கழட்டிக் கழுவணும். கழட்டி வெளியே இழுக்கிற பாதையில கேபிள் ட்ரே. அதுவும் முட்டலை, ஏன்னா மாடல்ல ஃபில்டர் எப்பவும் பெட்டிக்குள்ளேயே இருக்கு. மாடல்ல பைப் எல்லாம் சாமி புண்ணியத்துல அந்தரத்துல தொங்கும். அதைத் தாங்கற கம்பியை, ஆங்கிளைப் பாதி பேர் வரையறதே இல்லை. வரைஞ்சா க்ளாஷ் கூடுமே!

ஒருமுறை ஒரு ஃபோர்மேன், முப்பது வருஷமா பைப் மாட்டற மனுஷன், தென் மாவட்டத்துக்காரர், தற்செயலா எங்க ரூமுக்குள்ள வந்தார். ஸ்க்ரீன்ல ஒரு மூலையைப் பெரிசாக்கி வச்சிருந்தோம். எல்லாம் சுத்தம், ஒரு க்ளாஷ் கிடையாது. கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கேட்டார்: "தம்பி, எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு. இந்த ஃப்ளாஞ்சோட பின்பக்கத்து போல்ட்டை டைட் பண்ண ஸ்பேனரை எந்தப் பக்கம் விடுவீங்க?"

ரூம்ல ஆறு பேர் இருந்தோம். பதில் யார்கிட்டயும் இல்லை. அவர் கேட்ட பிறகுதான் அந்த பைப்பை நகர்த்தினோம். மாடலோட எந்த டெஸ்ட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது. அந்த மீட்டிங்குக்கு அவரை யாரும் கூப்பிடவும் இல்லை.

எல்லாம் உள்ளே போச்சு, மாட்டத்தான் முடியலை

இது என் கற்பனை பயம் இல்லை. 2011ல் அமெரிக்கக் கட்டுமானப் பத்திரிகை ஒண்ணுல ஒரு செய்தி வந்தது. இந்தத் துறையில இருக்கிறவங்க மனப்பாடம் பண்ணி வச்சுக்க வேண்டிய செய்தி. எந்த இடம், யார் யார் என்று பெயர் போடாம, காப்பீட்டு நிறுவனத்தோட தரப்புல இருந்து சொன்னது.

ஒரு பல்கலைக்கழகத்துல உயிர் அறிவியல் கட்டடம். ஆஃபீஸை விட ஆய்வுக்கூடத்துல பைப்பும் டக்ட்டும் இன்னும் அதிகம். ஆர்க்கிடெக்ட்டும் எம்.இ.பி. இன்ஜினியரும் பிம் வச்சு, சீலிங்குக்கு மேல இருக்கிற இடத்துக்குள்ள அத்தனையையும் கச்சிதமா அடைச்சுட்டாங்க. மாடல்ல எல்லாமே பொருந்துச்சு. ஆனா ஒரு விஷயத்தைக் கட்டறவர்கிட்ட சொல்லலை: இது ஒரு குறிப்பிட்ட வரிசையில மாட்டினாத்தான் உள்ளே போகும். எது முதல்ல, எது ரெண்டாவது என்று தெரியாம அவர் தன் வழக்கப்படி மாட்டிக்கிட்டே போனார். சுமார் 70 சதவீதம் முடிஞ்சப்போ இடம் தீர்ந்துபோச்சு. மிச்சம் 30 சதவீதத்தை எங்கே வைக்கிறது?

அவர் சொந்தக்காரர் மேல கேஸ் போட, சொந்தக்காரர் ஆர்க்கிடெக்ட் மேல போட, ஆர்க்கிடெக்ட்டோட காப்பீட்டுக் கம்பெனி எம்.இ.பி. இன்ஜினியரையும் உள்ளே இழுக்க, கடைசியில பல மில்லியன் டாலர்ல சமாதானமா முடிஞ்சதாச் செய்தி. பிம் சம்பந்தமா தங்களுக்குத் தெரிஞ்ச முதல் வழக்கு இதுதான்னு அந்தக் காப்பீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

பஸ்ல அவசரமா சாமான் ஏத்தறப்போ பெரிய மூட்டையைக் கடைசியில கொண்டு வந்தா என்ன ஆகும்? அதேதான். டிக்கிக்குள்ள எல்லாம் அடங்கும்னு கணக்கு சொல்லும். எதை முதல்ல வைக்கணும்னு கண்டக்டருக்குத்தான் தெரியும்.

அந்த மாடல் தப்பில்லை. அதுல க்ளாஷும் இல்லை. இருந்தும் கட்ட முடியலை. இதுக்கு மேல அந்த கிராஃபைப் பற்றி நான் என்ன சொல்றது?

யார் விட்டுக்கொடுக்கிறது?

டெக்னிக்கலா இதுக்கு விதி எல்லாம் இருக்கு. சாய்வுல ஓட வேண்டிய வடிகால் பைப்புக்கு முதல் மரியாதை. பார்க்க விரல் கனமாத்தான் இருக்கும், ஆனா 100க்கு 1 சாய்வுல 20 மீட்டர் போனா 200 மி.மீ. இறங்கியாகணும். தண்ணி மேல ஏறாது, எந்த மேனேஜர் சத்தம் போட்டாலும். அடுத்து பெரிய டக்ட். அப்புறம் பெரிய பைப், அப்புறம் கேபிள் ட்ரே. எளிதா வளையக்கூடிய சின்ன பைப்களும் கேபிளும் கடைசியில. ஏறக்குறைய எல்லா ஊர்லயும் இதுதான் வழக்கம்.

ஆனா மீட்டிங்ல நடக்கறது வேற. டக்ட்டை ஒரு இடத்துல வளைச்சா ரெண்டு பெண்டு கூடும். பெண்டு கூடினா தகரம் கூடும், காத்துக்குத் தடை கூடும், ஃபேன் பெரிசாகணும். எல்லாம் ஏசி சப் கான்ட்ராக்டர் தலையில. அவர் ஏற்கெனவே அடிமாட்டு விலைக்கு எடுத்திருக்கார். ஏன் விட்டுக்கொடுப்பார்? ஸ்பிரிங்க்ளர்காரர் மட்டும் இளிச்சவாயரா? ஆளாளுக்கு "டிசைன்ல இப்படித்தான் இருக்கு" என்பார். கன்சல்டன்ட்டைக் கேட்டா "கோஆர்டினேஷன் கான்ட்ராக்டர் பொறுப்பு" என்பார்.

இந்தப் பஞ்சாயத்துக்கு நாட்டாமை யாருன்னு பார்த்தா, மவுஸைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பிம் கோஆர்டினேட்டர். பல இடத்துல அந்த ரூம்ல வயசுல சின்னவர் அவர்தான். காலேஜ் முடிச்சு மூணு வருஷம் ஆகியிருக்கும். யாரையும் "நீ நகரு" என்று சொல்ற அதிகாரம் அவருக்குக் கிடையாது. செலவை ஒத்துக்கற அதிகாரமும் கிடையாது. கையில இருக்கிறது ஒரு பட்டியல் மட்டும். அதனால அவரால முடிஞ்சதைச் செய்வார்: எது சத்தம் போடாதோ அதை நகர்த்துவார். வடிகால் பைப் சத்தம் போடாது. மாடல்ல அதைக் கொஞ்சம் நிமிர்த்தி விடுவார். க்ளாஷ் போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தரோட மேசை மேல ஏசி தண்ணி சொட்டும்.

அந்தப் பையனையோ பொண்ணையோ நான் குறை சொல்ல மாட்டேன். நாலு கம்பெனியோட பணத்தகராறை, சம்பளம் கம்மியான ஒருத்தர் தலையில கட்டிட்டு, அதுக்கு கோஆர்டினேஷன்னு பேர் வச்சவங்களைத்தான் சொல்லணும்.

சென்னையில ஒருத்தர், சைட்ல ஒருத்தர்

இது நம்ம ஆட்களோட கதையும்தான். சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் அமெரிக்கா, இங்கிலாந்து, வளைகுடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா கட்டடங்களுக்கு மாடல் போடற ஆஃபீஸ்கள் ஏகப்பட்டது இருக்கு. சாயங்காலம் அங்கேருந்து க்ளாஷ் பட்டியல் வரும். ராத்திரி உட்கார்ந்து நகர்த்தி, காலையில அனுப்பணும். எத்தனை மூடினேன்னு கணக்குக் காட்டணும். அந்தக் கட்டடத்தை அவங்க பார்த்ததில்லை. பல பேருக்கு எந்த சைட்லயும் ஏணியில ஏறி ஒரு ஹேங்கர் மாட்டிப் பார்க்கிற வாய்ப்பு கிடைச்சதில்லை. கொடுக்கப்படவே இல்லை.

அந்தப் பக்கம் சிங்கப்பூர் சைட்ல அந்த பைப்பைத் தோள்ல தூக்கி மாட்டற ஆள் புதுக்கோட்டைக்காரராவோ சிவகங்கைக்காரராவோ இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ரெண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ். ஆனா ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லை. இவர் கேட்க வேண்டிய கேள்வி ஃபோர்மேன், இன்ஜினியர், மேனேஜர், கன்சல்டன்ட் என்று நாலு படி ஏறி, இங்கிலீஷ்ல ஒரு ஃபாரமா மாறி, ரெண்டு வாரம் கழிச்சு அவர்கிட்ட போய்ச் சேரும். பதில் வர்றதுக்குள்ள பைப் ஏதோ ஒரு இடத்துல ஏறி உட்கார்ந்திருக்கும்.

ஒரு பத்து நிமிஷம் வீடியோ காலில், "அண்ணே, இது அங்க போகுமா?" "போகாது தம்பி, அரை அடி தள்ளிப் போடுங்க" என்று முடியற விஷயம். இதைச் செய்ய எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். செய்ய விடணும், அவ்வளவுதான்.

"அப்போ எண்ணவே கூடாதா?"

இப்படிக் கேட்பீங்கன்னு தெரியும். எண்ணலாம். ஒரு வாரத்துல 600 இருந்தது அடுத்த வாரம் திடீர்னு 3000 ஆனா, யாரோ பழைய ஃபைலை ஏத்திட்டாங்கன்னு அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க எண்ணிக்கை உதவும். முதலாளிக்கும் ஏதாவது ஒரு நம்பர் காட்டித்தான் ஆகணும், அதுவும் புரியுது.

"இப்பத்தான் ஏஐ வந்தாச்சே, பைப்பை அதுவே வளைச்சு ஓட்டிக்குமே" என்றும் சில நண்பர்கள் சொல்றாங்க. ஓட்டட்டும். முட்டாத பாதையைக் கண்டுபிடிக்கிறது கணக்கு. கணக்கை மெஷின் நம்மளை விட நல்லாவே போடும். ஆனா யார் செலவுல வளையறது, யார் முதல்ல மாட்டறது என்பதெல்லாம் நாலு பேர் உட்கார்ந்து ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட வேண்டிய சங்கதி. அதுக்கு பட்டன் கிடையாது.

நான் கேட்கறது அஞ்சே விஷயம்:

1. க்ளாஷை எண்ணாதீங்க, முடிவை எண்ணுங்க. 60 க்ளாஷும் ஒரே டக்ட்டால வந்ததுன்னா அது ஒரு பிரச்சினை. "இந்த வாரம் முடிவாக வேண்டியது 14, முடிவானது 9, மீதி 5 யார் கையில நிக்குது" என்று ஸ்லைடு போடுங்க. கோடு அழகா இறங்காது. ஆனா உண்மை தெரியும்.

2. வெற்றிடத்தையும் வரையுங்க. வால்வுக்கு முன்னாடி கை போற இடம், ஃபில்டர் இழுக்கிற பாதை, பேனல் கதவு திறக்கிற அகலம் எல்லாத்தையும் கண்ணுக்குத் தெரியாத பெட்டியா மாடல்ல வச்சா, யாராவது உள்ளே நுழைஞ்சா மென்பொருளே கத்தும். ஹேங்கரையும் சேர்த்து வரையுங்க. முதல்ல எண்ணிக்கை எகிறும், எகிறட்டும்.

3. மாட்டறவரை மேசைக்குக் கூப்பிடுங்க. ஒவ்வொரு துறையில இருந்தும் ஒரு ஃபோர்மேன், வாரம் ஒரு மணி நேரம். மாடலை முடிச்சுட்டுக் காட்டறதுக்காக இல்லை, முடிக்கறதுக்கு முன்னாடி. எந்த வரிசையில மாட்டறதுன்னு அவர் சொல்லட்டும், அதைப் படத்துலயே 1, 2, 3 என்று எழுதிடுங்க.

4. அதிகாரம் உள்ள ஒருத்தர் அந்த ரூம்ல இருக்கணும். விதிப்படி யார் நகரணுமோ அவரை நகரச் சொல்லி, அதனால செலவு கூடினா அதை அங்கேயே ஒத்துக்கறவர். பிம் கோஆர்டினேட்டர் அவருக்குக் கண்ணா இருக்கலாம். அவருக்குப் பதிலா இருக்க முடியாது.

5. இதையெல்லாம் சொந்தக்காரர் டெண்டருக்கு முன்னாடி ஆரம்பிக்கணும். விலை பேசி முடிச்ச பிறகு நகர்த்தற ஒவ்வொரு பைப்பும் ஒரு கடுதாசி, ஒரு க்ளெய்ம், ஒரு மனஸ்தாபம். ஹாங்காங் கதையில இருந்து எடுத்துக்க வேண்டியது இதைத்தான்.

இதுக்கெல்லாம் காசு ஆகாதான்னா, ஆகும். ஃபோர்மேனோட நேரம் காசு, முன்கூட்டியே போடற மாடலும் காசு. ஆனா ஸ்லாபைத் துளைச்சு, மாட்டினதைக் கழட்டி, மறுபடி மாட்டறதும் காசுதானே. அது மட்டும் எந்த கிராஃப்லயும் வராது, சப் கான்ட்ராக்டரோட நஷ்டத்துலயும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஏணி மேல நிக்கிற மனுஷனோட முதுகுவலியிலயும் போய் ஒளிஞ்சுக்கும்.

அதனால அடுத்த தடவை யாராவது "க்ளாஷ் ஜீரோ" என்று ஸ்லைடு போட்டா, ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "இதை மாட்டப் போற ஆள் பார்த்தாச்சா?" பார்த்தாச்சுன்னு சொன்னா நானும் கை தட்டறேன்.

துறையில இருக்கிற நண்பர்கள், குறிப்பா சைட்ல இருக்கிறவங்களும் ராத்திரி உட்கார்ந்து மாடல் போடறவங்களும், உங்க பக்கத்துக் கதையைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதுன்னாலும் பரவாயில்லை, டெக்னிக்கலா திட்டுங்க :-)

டிஸ்கி: எந்த மென்பொருள் நல்லதுன்னு கேட்டு தனிமடல் போட வேண்டாம். ஸ்பேனர் எந்தப் பக்கம் போகும்னு எதுவும் சொல்றதில்லை.